காதர் பாய் கால் கழுவப் போன நேரம்

காதர் பாய் காலமான செய்தியை அவருடைய மூத்த மகன் சைக்கிளில் வந்து சொன்னார். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நான் வாசலில் நின்று பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வரை மிதித்து வந்தவர், சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் கையில் பிடித்தபடியே நின்றார். "அத்தா மௌத்தாயிட்டாங்க சார். சுபுஹுத் தொழுகைக்கு முன்னாடி. மதியத் தொழுகை முடிஞ்சு அடக்கம். முதல்ல உங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிடணும்னு அவங்களே சொல்லி வச்சிருந்தாங்க" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதியாக இருந்தது. என்ன மனுஷன் இவன் என்று நினைப்பீர்கள், நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த ஒரு பொய்யைப் போன மாதம்தான் அவரிடம் நேரில் போய் ஒப்புக்கொண்டேன். இன்னும் ஒரு மாதம் சோம்பியிருந்தால் அது என்னோடுதான் கட்டையில் வெந்திருக்கும். நல்லவேளை போனேன், நல்லவேளை சொன்னேன் என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. துக்கம் அதற்குப் பிறகு வந்தது, சட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடும்போது.

எங்கள் கல்லூரிக்காரர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பௌதிகக் கூடத்தின் மெக்கானிக். நான் அடுத்த கட்டிடத்தில் ரசாயனம் நடத்துகிறவன். விசிறி, மணி, மோட்டார், புரொஜெக்டர் என்று எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். வேலையை முடித்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று அவர் சொல்லிக் கேட்டவர் யாரும் இல்லை. "இப்போதைக்கு ஓடுது" என்பார். ஒருமுறை முதல்வர் எரிச்சல்பட்டுவிட்டார். "அதென்னய்யா இப்போதைக்கு? சரியாச்சா, ஆகலையா?" காதர் பாய் சுற்றுகிற விசிறியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, "சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டா அப்புறம் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க சார்" என்றார். முதல்வரும் விசிறியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அவருக்கும் எனக்கும் கல்லூரியைத் தாண்டிப் பழக்கம் ஏற்பட்டது ஒரு யந்திரத்தால். அந்தக் கதையை அங்கங்கே அரைகுறையாகச் சொல்லியிருக்கிறேன், என்னைக் காப்பாற்றிக்கொண்டு. இப்போது முழுசாகச் சொல்கிறேன்.

என் மனைவி செங்கமலத்துக்கு அப்போது இழுப்பு. மார்கழியில் அவள் மூச்சு விடுகிற விசில் வாசல் வரை கேட்கும். ஈரத்தில் நிற்காதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவளோ விடியற்காலையில் குளித்து, ஈரப்புடவையோடு தளிகை பண்ணுகிறவள். பெருமாளுக்குப் படைத்துக் கண்டருளப்பண்ணுகிற அன்னம், அதில் சமரசம் கிடையாது. சமையல் முடிந்தால் சாதம் பட்ட கழிவுகளைக் கொல்லையில் இருக்கும் குப்பை வாளியில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அந்த வாளியைத் தொட்டால் மடி போயிற்று, மறுபடி தலைக்கு ஸ்நானம். சாயங்காலம் இன்னொன்று. ஒரு நாளைக்கு மூன்று குளியல், மூன்று ஈரப்புடவை. "நான் கொட்டறேனே" என்றால், "நீங்க காலேஜ் வேஷ்டியோட தளிகை உள்ளுக்குள்ள வந்து வாங்கிண்டு போவேளா?" என்று கேட்பாள். இன்னும் இரண்டு மார்கழி அவள் தாங்குவாளா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

அவள் தம்பி வரதன் அமெரிக்காவில் படித்துத் திரும்பியபோது, பெட்டியில் ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்தான். கழுத்து வைத்த வெண்கலப் பானை மாதிரி இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் அதை மாட்ட வேண்டும். கழிவைத் தொட்டி ஓட்டைக்குள் தள்ளி, தண்ணீரை ஊற்றி, பொத்தானைத் தட்டினால் கூழாக அரைத்துக் குழாய் வழியே வெளியே அனுப்பிவிடும். "வாளியே வேண்டாம் அக்கா. ஒரு குளியலோட முடிஞ்சது" என்றான். கூடவே ஒரு சிறு புஸ்தகம் கொடுத்தான், எப்படி மாட்டுவது என்று. ஒரு வாரத்தில் பம்பாய் வேலைக்குப் போய்விட்டான்.

எங்கள் வீட்டில் தொட்டியே கிடையாது. கொத்தனாரைத் தளிகை உள்ளுக்குள், அதாவது சமையலறைக்குள், விட முடியாது. ஆகவே நானே குளித்து, மடியாகச் செங்கல் அடுக்கி, சிமெண்டு பூசி, இடுப்புயரத்துக்கு ஒரு மேடை கட்டினேன். கோணல்தான். அவள் கல்யாணச் சீரில் வந்த பித்தளை அண்டாவின் அடியில் பாத்திரக்கடைக்காரரிடம் வட்டமாக ஓட்டை போட்டு வாங்கி, அதை மேடையில் பதித்தேன். ஓட்டை போட்ட அண்டாவைச் செங்கமலம் ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். அன்றைக்கு எனக்குப் பரிமாறிய சாத்தமுதில் உப்பு இல்லை.

அதோடு விட்டாளா? "ஏன்னா, அந்த ஊர்க்காரா இதுல என்னெல்லாம் அரைப்பா?" என்று ஆரம்பித்தாள்.

"இது புத்தம் புதுசு. யாரும் எதுவும் அரைச்சதில்லை" என்றேன்.

அன்று புஸ்தகத்தைப் புரட்டியபோது ஐந்தாம் பக்கத்தில் ஒரு படம்: ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே கோழிக்கால் எலும்பைத் தொட்டிக்குள் போடுகிறாள். இதைக்கூட அரைக்கும் என்று கொட்டை எழுத்தில் பெருமை. செங்கமலத்துக்கு மூன்றாம் ஃபாரம் வரை இங்கிலீஷ் தெரியும். படம் பார்க்க அதுவும் வேண்டாம். இதை அவள் பார்த்தால் யந்திரம் அன்றே கொல்லைக்குப் போகும், மூன்று குளியல் அப்படியே இருக்கும். நான் அந்தத் தாளைக் கிழித்துக் கசக்கி, கொல்லைச் சருகுக் குவியலில் எறிந்தேன். தாளுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அது ஆறாம் பக்கம் என்பதெல்லாம் இந்த ரசாயன வாத்தியாருக்குத் தோன்றவில்லை.

காதர் பாயிடம் யந்திரத்தைப் பற்றிச் சொன்னேன். "இது நூத்திப்பத்து வோல்ட்டு மிஷினு சார். நம்ம லைன்ல நேரா குடுத்தீங்கன்னா புகைஞ்சிரும்" என்று, வோல்டேஜைப் பாதியாக்கும் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே கம்பி சுற்றிச் செய்துகொடுத்தார். "ஞாயித்துக்கிழமை வந்து மாட்டித் தரேன்" என்றார்.

நான் இழுத்தேன். "வரலாம் பாய்... ஆனா, தளிகை உள்ளுன்னா எங்காத்துல கொஞ்சம்..."

என்னை முடிக்க விடவில்லை. "சரி சார். உள் வேலை உங்களுது, கொல்லை வேலை என்னுது" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. தப்பித்தோம் என்று இருந்தது எனக்கு. அப்படி இருந்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கினார். வாழைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, உடைகல் போட்டு நிரப்பி, மண் குழாய் பதித்தார். அரைத்த கூழெல்லாம் வாழை வேருக்குப் போகட்டும் என்று அவர் ஏற்பாடு. நான் உள்ளே மணைப்பலகை மேல் உட்கார்ந்து, யந்திரத்தை அண்டாவுக்கு அடியில் முட்டுக் கொடுத்து மாட்டினேன். ஒரு தகடு சரியாக உட்காரவில்லை. நம் பலத்தைக் காட்டுவோம் என்று இறுக்கினேன். அதில் ஒரு கம்பி நசுங்கியது எனக்குத் தெரியாது. எல்லாம் முடிந்தபோது பச்சை நிறத்தில் ஒரு சின்னத் திருகு மீந்தது. புஸ்தகத்தில் இருந்தவரை தேடினேன், அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அமெரிக்காக்காரன் தாராளமானவன், ஒன்று உபரியாகப் போட்டிருக்கிறான் என்று இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பலகை மேல் நின்றபடி பொத்தானைத் தட்டினேன். யந்திரம் உறுமியது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வம் டிகிரி வாங்கியபோதுகூட இல்லை. அணைத்துவிட்டு, "ஓடறது பாய்" என்று ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு, செங்கமலத்தைக் கூப்பிட உள்ளே ஓடினேன். அவள் அப்போதுதான் குளித்து முடித்து, ஈரப்புடவை சொட்டச் சொட்ட வந்தாள். கையில் ஒரு பிடி கத்திரிக்காய்க் காம்பு. முதல் படையல் அதுதான்.

நாங்கள் வரும்போது காதர் பாய் ஜன்னலுக்கு வெளியே நின்றார். "அந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்றார். கம்பிகளுக்கிடையே கொடுத்தேன். இரண்டு தாள் புரட்டினார். "நாலுக்கு அப்புறம் ஏழு வருது. அஞ்சும் ஆறும் எங்க சார்?"

"எலி கடிச்சிருக்கும்" என்றேன்.

"நம்மாத்துல எலி ஏது?" என்றாள் செங்கமலம்.

காதர் பாய் அவளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். "பச்சை ஸ்க்ரூ ஒண்ணு வந்திருக்குமே. போட்டுட்டீங்களா?"

திருகு இடுப்பில் உறுத்தியது. போடவில்லை என்றால், ஏன் போடவில்லை என்று கேட்பார். பக்கம் இல்லை என்று சொல்ல வேண்டும். பக்கம் ஏன் இல்லை என்று இவள் கேட்பாள். "எல்லாம் போட்டாச்சு பாய்" என்றேன்.

அதற்குள் செங்கமலம் தொட்டியண்டை போய்விட்டாள். காம்புகளை உள்ளே போட்டாள். செம்புத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு கையைப் பொத்தானுக்கு நீட்டினாள். இன்னொரு கையை அண்டா விளிம்பில் ஊன்றப் போனாள். தரையெல்லாம் அவள் புடவைத் தண்ணீர்.

"மாமி, தொடாதீங்க" என்றார் காதர் பாய். குரலை உயர்த்தக்கூட இல்லை. அவள் கை விளிம்புக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. "நான் உள்ள வந்து ஒருதடவ பார்த்துடறேன். அப்புறம் ஓட்டுங்க."

நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "என்ன பார்க்கணும்னு வெளியிலேர்ந்தே சொல்லுங்களேன் பாய், நான் பார்க்கறேன்" என்றேன்.

செங்கமலம் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சித்தே சும்மா இருங்கோ." பிறகு ஜன்னலைப் பார்த்து, "உள்ளே வாங்கோ" என்றாள். என் அத்தையைக்கூட மடி இல்லாமல் அந்த நிலைப்படியைத் தாண்ட விட்டதில்லை அவள்.

"கால் கழுவிட்டு வரேன் மாமி" என்றார். கிணற்றடிப் பக்கம் போனார். கால் கழுவ இவ்வளவு நேரமா என்று எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு வழியாகக் கொல்லை வாசல் வழியே வந்து, அவளை நிலைப்படிக்கு வெளியே, காய்ந்த தரையில் நிற்கச் சொன்னார். தான் என் மணைப்பலகை மேல் ஏறி நின்றார். ஒரு குச்சியால் பொத்தானைத் தள்ளினார். யந்திரம் ஓடியது. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அண்டா விளிம்பில் வைத்தார்.

டெஸ்டரின் விளக்கு சிவப்பாக எரிந்தது.

பித்தளை முழுவதும் மின்சாரம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செங்கமலம் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மூச்சு விசில் அடிப்பது எனக்குக் கேட்டது. காதர் பாய் பொத்தானை அணைத்துவிட்டு அவளிடம், "மிஷினுங்கள்ல இது சகஜம் மாமி. கம்பி எங்கயோ நசுங்கியிருக்கு" என்றார். கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போய் ஃபியூஸைக் கழற்றிவிட்டு வந்தார். என் பக்கத்தில் குனிந்து, அவளுக்குக் கேட்காதபடி, "அந்தப் பச்சை ஸ்க்ரூவைக் குடுங்க சார்" என்று கையை நீட்டினார்.

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

நசுங்கிய கம்பியை மாற்றினார். வாழைக்கு அருகே ஒரு செப்புத் தகட்டைக் கரியும் உப்பும் போட்டுப் புதைத்து, அதிலிருந்து கம்பியை ஜன்னல் வழியே இழுத்து, யந்திரத்தின் உடம்பில் அந்தப் பச்சைத் திருகால் முடுக்கினார். இப்படி எர்த் கொடுத்தால், கோளாறு வந்தாலும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், ஆளிடம் வராது என்றார். மறுபடி டெஸ்டரை வைத்தார். எரியவில்லை. "இப்போதைக்கு ஓடும் மாமி" என்றார். செங்கமலம் டபரா டம்ளரில் காப்பி கொண்டுவந்து, தளிகை உள்ளிலேயே, அவர் நின்ற இடத்திலேயே கொடுத்தாள். அவர் போன பிறகு எல்லாவற்றையும் கழுவித் தள்ளுவாள், மறுபடி குளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு குளியல்தான். அந்த மார்கழியில் விசில் பாதியாயிற்று. அடுத்த மார்கழியில் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும் இல்லை. ஆனால் அவள் கை அந்த விளிம்புக்கு மேல் நின்றது என்னை விடவில்லை. வகுப்பில் சமன்பாடு எழுதிக்கொண்டிருக்கும்போது வரும், சுண்ணாம்புக்கட்டி கையில் நின்றுவிடும். ஒரு எலும்புப் படத்துக்காகப் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தவன் நான். காதர் பாயைத் தினமும் பார்ப்பேன். சொல்ல வாயெடுப்பேன். வானிலை பேசிவிட்டு வந்துவிடுவேன்.

போன மாதம் அவர் படுத்துவிட்டார் என்று தெரிந்ததும் கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு, அவருடைய சந்துக்குப் போனேன். கட்டிலில் பாதியாக இளைத்துக் கிடந்தார். "எப்படி இருக்கு பாய்?" என்றேன்.

"இப்போதைக்கு ஓடுது சார்."

உட்காராமலேயே சொல்லிவிட்டேன். "அந்தப் பக்கத்தைக் கிழிச்சது நான்தான் பாய். எலி இல்லை."

அவருக்குச் சிரிப்பு வந்து இருமலாகிவிட்டது. "எலி எப்படி சார் கரெக்டா எலும்புப் படம் போட்ட தாளாப் பார்த்துக் கடிக்கும்?" என்றார். மகனிடம் கட்டிலுக்கடியில் இருந்த டப்பாவை எடுக்கச் சொன்னார். டெஸ்டர், குறடு, கம்பிச் சுருள்களுக்கு அடியில் அந்தத் தாள் மடித்து இருந்தது. "குழிக்காக சருகை ஒதுக்குறப்ப கையில சிக்கிச்சு. நீங்க ஓடுதுன்னு கத்துனப்பதான் பின்பக்கத்தைப் படிச்சிட்டிருக்கேன். பச்சை ஸ்க்ரூல எர்த் குடுக்காம ஓட்டாதேன்னு போட்டிருக்கு."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே, நான் பொய் சொன்னப்ப?"

"மாமி முன்னாடி உங்களைக் காட்டிக் குடுக்கறதா? எலும்பைப் பார்த்தாங்கன்னா மிஷினைத் தூக்கிப் போட்டிருப்பாங்க. அவங்க இழுப்பு என்ன ஆவறது?"

நான் கேட்க வந்ததே அதற்குப் பிறகுதான் வாயில் வந்தது. "நீங்க தொடாதீங்கன்னு சொல்றது ஒரு நொடி தாமதமாயிருந்தா? அவ கை வச்சிருந்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காது சார்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "நீங்க மாமியக் கூப்பிட உள்ள போனீங்கல்ல? அப்பவே தாழ்வாரத்துல ஃபியூஸைப் புடுங்கி என் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். மாமி பொத்தானைத் தட்டியிருப்பாங்க, ஓடலையேன்னு உங்களைத் திட்டியிருப்பாங்க. அவ்வளவுதான். அவங்க உள்ள கூப்பிட்டாங்க, டெஸ்ட் பண்ணணும்ல? கால் கழுவப் போறேன்னு போய்த்தான் ஃபியூஸைத் திரும்ப மாட்டுனேன்."

"அவ கூப்பிடாம இருந்திருந்தா?"

"ஃபியூஸோட வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்க கத்திரிக்காம்பை அம்மில அரைச்சிருக்கணும்."

ஆறு வருஷமும் அவள் கை அந்தரத்தில் நின்றது. அப்போதுதான் கீழே இறங்கியது. நான் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் மகன் பார்க்கப் பார்க்க, விக்கி விக்கி அழுதேன். அவர் என் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது தாளை என் கையில் கொடுத்தார். "இனிமே இது உங்க கிட்ட இருக்கட்டும் சார்."

அடக்கத்துக்குப் போய், மற்றவர்களோடு மூன்று பிடி மண் போட்டேன். வீட்டுக்கு வந்து கொல்லையிலேயே குளித்துவிட்டு, தாளைக் கொண்டுபோய் செங்கமலத்திடம் நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பச்சைத் திருகு இடுப்பில் இருந்ததிலிருந்து. அவள் படத்தைப் பார்த்தாள். "கோழியா?" என்றாள். ஆமாம் என்றேன். தாளைத் திருப்பி ஆறாம் பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "கால் கழுவ அவ்வளவு நேரம் எதுக்குன்னு நான் அன்னிக்கே நினைச்சேன்" என்றாள். புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கஞ்சிப் பசை எடுத்து அந்தத் தாளைத் தொட்டிக்கு மேலே சுவரில் ஒட்டினாள், கோழி எலும்பு சுவரைப் பார்த்தபடி.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது தாள் அல்ல, அது அவளுடையதாகிவிட்டது. கல்லூரிக்குக் கிளம்புமுன் தினமும் மேடைக்கு அடியில் குனிந்து, பச்சைத் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று திருகிப் பார்க்கிறேன். முழங்கால் கடகடவென்கிறது. இன்று காலையும் குனிந்தேன். செங்கமலம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். மூச்சில் ஒரு சத்தம் இல்லை.

"சரியா இருக்கா?" என்றாள்.

"இப்போதைக்கு ஓடும்" என்றேன்.